சிவப்புக் கண்ணாடியும் வெள்ளைப் பலகையும்

படித்தவனின் திமிர் சிலருக்கு நடையில் தெரியும், சிலருக்குப் பேச்சில் தெரியும். எனக்கு மூக்கின்மேல் உட்கார்ந்திருந்தது.

மகாராஜா காலத்து மைசூரில், ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் நான் சின்ன டாக்டர். எக்ஸ்ரே நிபுணர் படிப்புக்கு ஒருவரை மெட்ராஸுக்கு அனுப்பப் போகிறார்கள். போட்டியில் நானும் இன்னொரு சின்ன டாக்டர் நரசிம்மனும். ஒரு நாள் காலையில் பரீட்சை வைத்துப் பெரிய டாக்டர் ஆளைத் தேர்ந்தெடுப்பார். நோயாளியைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, இருட்டில் மங்கலாக விழும் நிழலைப் பார்த்து வியாதியைச் சொல்ல வேண்டும். கண் இருட்டுக்குப் பழகினால்தான் அந்த நிழல் தெரியும். அதற்காக அரை மணி முன்பே அடர்சிவப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்வது வழக்கம். ஆஸ்பத்திரிக்குப் போய் மாட்டினால் போதும். (வீட்டிலேயே மாட்டிக்கொண்டேன். ஊர் பார்க்க வேண்டாமா?)

என் மனைவி பொன்னம்மா கொள்ளேகால் பக்கத்துக்காரி. வாசலில் மறித்தாள்.

“ஏனுங்க, கண்ணு வலிங்களா?”

“இது எக்ஸ்ரே டாக்டருங்க போடறது.”

“நீங்க இன்னும் ஆகலீங்களே.”

தெருவில் என்னைக் கண்டதும் ஜனங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். கண்ணோய் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். (கழுதை.)

எக்ஸ்ரே பிரிவை அந்த வாரம்தான் புதுக் கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அடுத்தடுத்து, ஒரே மாதிரி இரண்டு கதவுகள். ஒன்று பரீட்சை நடக்கும் அறை. மற்றது பிலிம் கழுவும் அறை. அங்கே வெளிச்சம் பட்டால் படம் பாழ். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் கேட்ட மனு சர்க்கார் மேஜைகளில் உலா வந்துகொண்டிருந்தது. அதனால் பெரிய டாக்டர் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி, கன்னடத்திலும் இங்கிலீஷிலும் ‘திறக்காதே’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார். பளீர்ச் சிவப்பில்.

சிவப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் வெள்ளையும் சிவப்பும் ஒன்றுதான். இதைக் கல்லூரியில் எழுதி மார்க் வாங்கியவன் நான். பரீட்சை அறை இதுதான் என்று கதவைத் திறந்தேன். அரைகுறையாகத் திறந்தால் மரியாதையில்லை என்று அகலத் திறந்தேன்.

உள்ளே பெரிய டாக்டரே கழுவிக்கொண்டிருந்தார். அரண்மனைக்கு வேண்டிய ஒரு பெரிய மனிதரின் நெஞ்சுப் படம். அவரைக் கெஞ்சி வரவழைத்து, படம் எடுத்து, அப்போதுதான் மோட்டாரில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அவருடைய நெஞ்சு அடுப்புக்கரியாகிவிட்டது.

பெரிய டாக்டர் கத்தவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, பலகையைக் காட்டினார்.

“இதுல என்னய்யா எழுதியிருக்கு?”

“ஒண்ணும் எழுதலீங்க சார்.”

“நல்லாப் பாரு.”

“சுத்தமா இருக்குதுங்க சார். புதுப் பலகை.”

நரசிம்மன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. பெரிய டாக்டர் என் கண்ணாடியைப் பிடுங்கினார். எழுத்துகள் நெருப்பாக எரிந்தன. பகல் வெளிச்சம் முகத்தில் அறைந்தது. பழக்கி வைத்திருந்த கண்ணும் போயிற்று, பரீட்சையும் போயிற்று.

நரசிம்மன் மெட்ராஸ் போய் நிபுணராகத் திரும்பினான். என்னைப் பெரிய டாக்டர் கண் பிரிவுக்கு மாற்றினார். வருகிறவர்களைச் சுவரிலுள்ள எழுத்துகளைப் படிக்கச் சொல்வது வேலை. ரிட்டயர் ஆகும்வரை அதுதான். பெரிய டாக்டருக்குச் சிரிக்கத் தெரியாது என்பார்கள். நம்பாதீர்கள். தாழ்ப்பாள் போடாத ஆபீஸ்காரனை யாரும் எங்கேயும் மாற்றவில்லை.

கண்ணாடி என் காசு. கேட்டு வாங்கிவிட்டேன். அது பீரோவில் கிடந்தது. பல வருஷம் கழித்து, இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த என் மகள் கணக்கில் பெயிலாகி, வாத்தியார் சிவப்பு மசியில் போட்ட மார்க்கோடு வந்தாள். ஒரு கையில் பேனா, மறு கையில் கண்ணாடி.

“அப்பா, இதைப் போட்டுக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க. ஒண்ணும் எழுதலீங்க சார்.”

பொன்னம்மா அடுப்படியில் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன். மார்க்கைக் காணோம். கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கும் இந்த வீட்டில் எந்தப் பிள்ளை பெயிலானாலும், முதலில் என்னைத் தேடுவதில்லை. பீரோ சாவியைத்தான் தேடுகிறது.