இத்தாலி மாமா வாங்கிய வீடு

மைத்துனரோடு பேச வேண்டி வருமே என்பதற்காக இத்தாலியில் வீடு பார்த்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் திருவனந்தபுரத்தில், கிழக்கேகோட்டையில், தொண்ணூறுகளில் நான் வாடகைக்குக் குடியிருந்த அக்கிரகாரத் தெருவில் எனக்கு அடுத்த வீட்டுக்காரர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. தெருவுக்கு அவர் இத்தாலி மாமா.

தொழில் ஆதாரம் எழுதுவது. நிலமோ வீடோ கைமாறும்போது பதிவு செய்கிற பத்திரத்தை அந்த ஊரில் ஆதாரம் என்பார்கள். நான் குமாஸ்தாவாக இருந்த பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, நான்கு எல்லையிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று துருவித் துருவிக் கேட்டு எழுதுவார். தானே நடந்துபோய்ப் பார்க்காமல் ஓர் எல்லையையும் எழுதமாட்டார். பேனாவை மூடிய பிறகும் அந்தப் பழக்கம் விடாது. கல்யாணப் பந்தியில் இடப்பக்கம் யார், வலப்பக்கம் யார், அவருடைய அப்பா பெயர் என்ன என்று தெரிந்துகொண்ட பிறகுதான் இலையில் கை வைப்பார்.

மாமிக்கு இழுப்பு. எங்கள் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை, பக்கவாட்டில் ஜன்னல் கிடையாது. வைகாசியில் தொடங்குகிற இடவப்பாதி மழையில் உள்ளே வந்த ஈரம் தை மாதம்தான் வெளியே போகும். அதுவரை மாமி மூச்சு விடப் படுகிற பாடு சுவர் வழியாக எனக்குக் கேட்கும். என் வீட்டில் கிணறு இல்லை. குழாயில் தண்ணீர் வராத நாட்களில் மாமி தன் வீட்டுக் கிணற்றில் இறைத்துக்கொள்ளச் சொல்வார். நான் இறைத்து முடிக்கும்வரை கொல்லைப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார்.

மழையில்லாத ஊருக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார் டாக்டர். அப்படி ஓர் ஊர் மூன்று மணி நேர பஸ் தூரத்தில் இருக்கத்தான் செய்தது. வள்ளியூரில் மாமியின் அண்ணன் பள்ளிக்கூட வாத்தியார். தங்கையை அனுப்பிவைக்கும்படி ஆள் மேல் ஆளாகச் சொல்லி அனுப்பினார். ஆனால் அந்த அண்ணன் தன் பெண்ணின் கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைக்காமல் பத்திரிகையைத் தபாலில் அனுப்பிய குற்றவாளி. அது நடந்து பன்னிரண்டு வருஷம். மாமா அந்த உறையை ஒரு ஃபைலில் வைத்திருந்தார். பேச்சு எழுந்தால் தபால் முத்திரையைக் காட்டுவார்.

அந்த நேரம் பார்த்துக் கோவளத்தில் வாடகைக்கு வீடு எடுக்க ஓர் இத்தாலிக்காரர் வந்தார். மாமா அவருக்கு வாடகைச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பேச்சுவாக்கில் அந்த மனிதர், தன் ஊர் கடலோரத்துச் சின்னக் கிராமம் என்றும், கோடை முழுக்க அங்கே மழையே கிடையாது என்றும், விடுமுறைக்கு வந்து தங்கத் தோதாகப் பக்கத்து வீடு விலைக்குக் கிடக்கிறது என்றும் சொல்லி, ஒரு படத்தையும் கொடுத்துவிட்டார். வெள்ளைச் சுவர், நீலக் கதவு, ஓர் எலுமிச்சை மரம், பின்னால் கடல். வருஷா வருஷம் இடவப்பாதிக்கு அங்கே போய்விடலாம் என்று மாமா அன்றைக்கே மாமியிடம் சொல்லிவிட்டார். பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டேன்.

"ஓய், ஆதாரம் முதல்ல சுத்தமாகட்டும். விலையெல்லாம் பின்னாடி பேசிக்கறதாக்கும்."

இத்தாலிக்காரர் ஊர் திரும்பியதும் மாமாவின் கடிதங்கள் பின்னாலேயே போயின. மூல ஆதாரம் எங்கே, வரி கட்டிய ரசீது எங்கே, பெண் மக்களுக்குப் பங்கு உண்டா? பதில் வந்தது. வீட்டுக்காரக் கிழவி இறந்துவிட்டாள். வாரிசுகள் ஏழு பேர், ஒருவர் அர்ஜென்டினாவில். மூத்த மகன் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார், ஏனென்றால் தங்கை புருஷனோடு பேச்சுவார்த்தை இல்லை. மாமாவுக்கு ஒரே சந்தோஷம். இத்தாலி திடீரென்று எங்கள் ஊர்க் கரமனைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

அந்த மூத்த மகனுக்கு இங்கிலீஷில் மூன்று பக்கம் எழுதினார். தபாலில் போடுமுன் அதைத் தமிழில் எனக்கும் மாமிக்கும் சொல்லிக் காட்டினார். கூடப் பிறந்தவளைப் பார்க்காமல் இருக்கிற அளவுக்கு என்ன பெரிய கோபம், அவள் போன பிறகு அந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவீர் என்ற வரியை இரண்டு தரம் சொன்னார். மாமி மூச்சைச் சேகரித்துக்கொண்டு பேசினார்.

"தபால்ல போற லெட்டருக்கு இத்தனை மதிப்பா? என் அண்ணா அனுப்பினதும் தபால்லதானே."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடிதத்தை அன்றே தபாலில் போட்டார். மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார்.

"வள்ளியூர் போகணும் ஓய். கார்டு போட்டா மரியாதை இல்லை, நேர்ல போய் நிக்கணும். மழை கொஞ்சம் விடட்டும், அவளையும் கூட்டிண்டு போயிடறேன்."

பன்னிரண்டு வருஷம் தபாலைத் திட்டியவர் எந்த முகத்தோடு கார்டு போடுவார்? மாமியின் பெட்டி கட்டி முன்கட்டில் தயாராக இருந்தது. அந்த வருஷம் மழை விடவில்லை. இடவப்பாதியின் வாலைப் பிடித்துக்கொண்டு துலாவர்ஷம் என்கிற அடுத்த மழை வந்தது. ஐப்பசியில் ஒரு முற்பகல், சுவருக்கு அந்தப்பக்கம் சத்தம் நின்றுவிட்டது. எனக்கு இன்றும் அவர்மேல் கோபம் உண்டு. ஒரு கார்டு, இரண்டே வரி. அதை நானாவது எழுதியிருக்கலாம் என்பதால் என்மேலும் உண்டு.

வள்ளியூருக்குத் தந்தி கொடுத்தது நான்தான். அண்ணன் சொட்டச் சொட்ட நனைந்து வந்து வாசலில் நின்றார். மாமா எழுந்துபோய், "வாங்கோ" என்றார். பன்னிரண்டு வருஷத்துக்கும் சேர்த்து அந்த ஒரு சொல்தான்.

பதின்மூன்றாம் நாள் முடிந்ததும் அண்ணன் மாமாவைத் தன்னோடு வள்ளியூருக்கே கூட்டிப்போக ஏற்பாடு செய்தார். புறப்படுகிற அன்று இத்தாலியிலிருந்து கடிதம் வந்தது. மூத்த மகன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதாராம், தங்கை வீட்டுக்குப் போனாராம். ஏழு கையெழுத்தும் தயார், எப்போது வருகிறீர்கள் என்று கேட்டிருந்தது. மாமா அதை மடித்து, அந்தக் கல்யாண உறை இருந்த ஃபைலுக்குள் வைத்தார். அதே ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவி என்னிடம் கொடுத்தார்.

"ஆபீஸ்ல இருக்கற ஆளு நீர். பிழை இருந்தாச் சொல்லும்."

பஸ் போன பிறகு பிரித்துப் பார்த்தேன். இத்தாலி வீட்டுக்கான ஆதாரம். ஆயுள் முழுக்க மலையாளத்திலேயே ஆதாரம் எழுதியவர், இதைத் தமிழில் எழுதியிருந்தார். மாமிக்கு மலையாளம் வாசிக்க வராது. வாங்குபவர் என்ற இடத்தில் மாமியின் பெயர். மேற்கே கடல். தெற்கே எலுமிச்சை மரத்துக்குப் போகிற வழி. வடக்கே, வாங்குபவரின் அண்ணன் வீடு. கிழக்கே என்ற இடத்தில் என் பெயர், பிழையில்லாமல் என் அப்பா பெயர், அதற்குக் கீழே "வீடும் கிணறும்".

எத்தனையோ ஊர் மாறி, நான் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். ஆனால் மழை பெய்யாத ஒரு கடற்கரையில், மாமியின் வீட்டுக்குக் கிழக்கே, எனக்கும் ஒரு வீடும் கிணறும் உண்டு. எழுதி வைத்தவர் எல்லையில் பொய் எழுதாத மனுஷர்.