கல்யாணத்துக்கு இருக்கட்டும்

வெள்ளி டம்ளரில் வந்த காபியை லக்ஷ்மிநாராயணன் குடிக்கவில்லை. பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு டம்ளரையே பார்த்தார்.

"இது பொட்டியில இருந்ததாச்சே, கல்பகம்."

"ஆமாம். எடுத்துட்டேன்."

"நீயா எடுத்தே?"

"பின்னே, பக்கத்தாத்துக்காரியா வந்து எடுப்பா? ஆறிண்டிருக்கு, குடிங்கோ."

"யாராவது உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

கல்பகத்துக்கு எரிச்சலாக வந்தது. முப்பத்து மூன்று வருஷமாகச் சொட்டை விழுந்த எவர்சில்வர் டம்ளரில் குடித்த மனுஷன், ஒரு நாள் வெள்ளியில் கொடுத்தால் சந்தோஷப்பட வேண்டாமா? விசாரணைக் கமிஷன் வைக்கிறார். செகந்திராபாத்தை ஒட்டின இந்த மல்காஜ்கிரியில் இருக்கிற அத்தனை ஆம்பிளைகளிலும் இவரைத்தானா தன் தலையில் கட்டினார்கள் என்று அலுத்துக்கொண்டே அடுக்களைக்குப் போனாள்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கட்டிலுக்கு அடியில் இருக்கும் அந்தப் பச்சை டிரங்குப் பெட்டியின் சங்கதி அப்படி. மகன் ஹர்ஷாவுக்கு மூன்று வயதில் வாங்கியது. அன்றிலிருந்து வீட்டுக்குள் நல்லதாக எது வந்தாலும் நேரே அதற்குள்தான் போகும். லக்ஷ்மிநாராயணன் வேலை பார்க்கும் பாதுகாப்புத் துறைக் கம்பெனியில் வருஷா வருஷம் கொடுத்த ஹாட்பேக், போர்வை, டின்னர் செட் எல்லாம் உள்ளே போயின. சீட்டுக் கட்டி வாங்கிய ஆறு வெள்ளித் தட்டும் போயின. பட்டுப் புடவைகளும் போயின. ஒரு தடவை மனுஷன் ஆசைப்பட்டுத் தனக்கென்று ஒரு துவாலை வாங்கி வந்தார். கொஞ்சம் தடிமனாக, மெத்தென்று இருந்துவிட்டது. அதுதான் அது செய்த தப்பு.

"இவ்வளவு நன்னா இருக்கே. ஹர்ஷா கல்யாணத்துக்கு இருக்கட்டும்" என்றாள் கல்பகம். அவர் பழைய வேட்டியைக் கிழித்துத் துடைத்துக்கொண்டார்.

ஹர்ஷாவும் அப்படித்தான் வளர்ந்தான். காலர் திருப்பித் தைத்த சட்டை, பாதி வாழைப்பழம். மீதிப் பாதி நாளைக்கு. இப்போது அவனுக்கு முப்பத்தோரு வயது, புனேயில் வேலை. இரண்டு வருஷமாக வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. கேட்டால் லீவு கிடைக்கவில்லை என்பான்.

அவனுக்கு ஜாதகம் வராமலும் இல்லை. பதினேழு வந்தன. ஒருத்திக்கு உயரம் போதாது, ஒருத்திக்குப் படிப்பு போதாது, ஒருத்தியின் அப்பா கல்பகத்துக்குக் காட்டிய மரியாதை போதாது. பதினேழையும் தட்டிக் கழித்தவள் அவள்தான். ஆனால் அதை யாராவது வாய்விட்டுச் சொன்னால் அன்றைக்கு அந்த வீட்டில் ரசம் கிடையாது.

பிள்ளையின் கல்யாணத்தைத் தன் கையால் நடத்திப் பார்க்காமலே போய்விடுவோமோ என்ற பயம் அவளைப் பிடித்து ஆட்டியது. கோயில் குளமெல்லாம் சுற்றியாகிவிட்டது. கடைசியில் அந்தப் பயத்தில்தான் நிறைவு வகுப்பில் சேர்ந்தாள்.

பேகம்பேட்டிலிருந்து ஒரு மேடம் தினமும் காலை ஆறு மணிக்குச் செல்போனில் நடத்தும் வகுப்பு. இருபத்தொரு நாள். நாளைக்கு நாளைக்கு என்று பூட்டி வைக்கிறவர்களுக்கு அந்த நாளை வரவே வராதாம். இருப்பதை இன்றைக்கே எடுத்து அனுபவிக்க வேண்டுமாம். நிறைந்த வீட்டைத் தேடித்தான் நல்லது வருமாம். 'வேண்டாம்', 'போதாது' என்ற வார்த்தைகள் வாயில் வரக்கூடாது. வீட்டு மனிதர்களைக் கூப்பிட்டு, உன்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது என்று சொல்ல வேண்டும். இருபத்தொரு நாள் முடிகிறவரை வகுப்பைப் பற்றி மூச்சு விடக்கூடாது. விட்டால் பலன் போயிற்று.

கல்பகம் யோசித்துப் பார்த்தாள். கல்யாணத்துக்கென்று வைத்ததை எடுத்துப் புழங்கினால் கல்யாணமே தேடிக்கொண்டு வந்துவிடும். எடுத்துவிட்டாள்.

பெட்டிச் சாமான் அத்தனையும் அன்றைக்குத் துலக்கப் போயிற்று. வேலைக்கு வரும் சாந்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏமம்மா, இவ்ளோ சாமான்? பெள்ளியா?"

பெள்ளி என்றால் கல்யாணம். இல்லை என்று சொல்லக் கல்பகத்துக்கு நாக்குத் துடித்தது. ஆனால் வகுப்பு ஞாபகம் வந்தது.

"ஆகும், ஆகும்" என்றாள்.

சாந்தாவுக்கு அது போதும். அதே அபார்ட்மெண்டில் அவள் வேலை பார்ப்பது இன்னும் ஒன்பது வீடு. மத்தியானத்துக்குள் ஒன்பது வீட்டுப் பெண்களும் வந்து கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். சாயங்காலம் அசோசியேஷன் செக்ரட்டரி கிருஷ்ணமூர்த்தி நோட்டும் பேனாவுமாக வந்து நின்றார்.

"கங்கிராஜுலேஷன்ஸ் மாமி. கீழ் ஹால் பிப்ரவரியில ஒரே ஒரு ஞாயித்துக்கிழமைதான் காலியா இருக்கு. அதையும் பி பிளாக்ல கேக்கறா. உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?"

வேண்டாம் என்கிற வார்த்தையைத்தான் மேடம் பிடுங்கி வைத்துக்கொண்டுவிட்டாளே.

"வேணும்" என்றாள் கல்பகம்.

கிருஷ்ணமூர்த்தி எழுதிக்கொண்டு போய்விட்டார். ஹால் இருக்கிறது, தேதி இருக்கிறது, பெண்தான் இன்னும் அகப்படவில்லை. சரி, நிறைவு என்றால் இப்படித்தான் ஒவ்வொன்றாக வரும் போலிருக்கிறது என்று தேற்றிக்கொண்டாள்.

ஆபீஸ் விட்டு வந்த லக்ஷ்மிநாராயணனிடம் லிஃப்டிலேயே யாரோ சொல்லியிருக்க வேண்டும். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஹாலா? எதுக்கு ஹால்?"

"எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதாக்கும்?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. சோபாவில் மெள்ள உட்கார்ந்தார். ஐயோ பாவம், மனுஷன் பயந்துவிட்டார், சமாதானமாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று கல்பகம் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அன்றைய வகுப்புப் பாடமும் அதுதான்.

"இதோ பாருங்கோ. உங்க மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது. இத்தனை நாள் நான்தான் கண்ணை மூடிண்டு இருந்துட்டேன். இப்போ எல்லாம் புரிஞ்சுடுத்து."

"எல்லாமா?"

"எல்லாம்."

அவர் எழுந்து பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கோ போன் பண்ணினார். திரும்பி வந்தவர், "நாளைக்கு டாக்டரண்டை போய் உன் பி.பி.யைப் பாத்துண்டு வந்துடலாமா?" என்றார்.

தனக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைக்கிறார், அதுதான் விஷயம் என்று கல்பகத்துக்கு விளங்கிப் போயிற்று. வாயைத் திறந்து வகுப்பைச் சொல்லிவிடலாம். பலன் போய்விடுமே. பல்லைக் கடித்துக்கொண்டு அவருக்கு ஒரு புதுத் துவாலையை எடுத்துக் கொடுத்தாள். அதே மெத்தென்ற துவாலை. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிற மாதிரி நின்றார்.

மறுநாளே செகந்திராபாத்திலிருந்து அவருடைய தங்கை பட்டு வந்து இறங்கினாள், கூடவே அவள் கணவர் ஜெகதீஸ்வரன். ஜெகதீஸ்வரன் சாப்பிடுவதற்குத் தவிர வேறு எதற்கும் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. இந்த வீட்டில் அதற்கும் பெரிதாக வாய்ப்பு இருந்ததில்லை. ஆளுக்கு இரண்டு பிஸ்கட், கால் டம்ளர் காபி, அதோடு சரி. இன்றைக்குத் தட்டு நிறைய பஜ்ஜி வரவும் மனுஷன் தட்டையும் கல்பகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உடம்பெல்லாம் சௌக்கியமா, மன்னி?" என்று பட்டு இழுத்தாள்.

"எனக்கென்ன கேடு? இந்தா, இது உனக்கு." அரக்குப் பட்டுப் புடவையை எடுத்து மடியில் வைத்தாள் கல்பகம். "ஹர்ஷா கல்யாணத்துல நாத்தனாருக்குன்னு வச்சது. நீ இப்பவே கட்டிக்கோ."

பட்டு அந்தப் புடவையைத் தொட்டாள், கையை எடுத்துக்கொண்டாள், பிறகு விசும்பி விசும்பி அழ ஆரம்பித்துவிட்டாள்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்கோ, மன்னி."

"நன்னா இருக்கு. பொட்டியிலேயே ஒண்ணும் வச்சுக்கலை, மனசுல எதுக்கு வச்சுக்கப் போறேன்?"

இதைக் கேட்டுப் பட்டுவின் அழுகை இன்னும் பலத்தது. நல்ல வார்த்தை சொன்னால் அழுகிற குடும்பம் இது ஒன்றுதான் என்று கல்பகம் நினைத்துக்கொண்டாள். ஜெகதீஸ்வரன் பத்தாவது பஜ்ஜியை எடுத்தார்.

அவர்கள் போனதும் கல்பகம் துணிந்து புனேக்குப் போன் போட்டாள். ஹாலுக்குச் சொல்லியாகிவிட்டது, இனிமேல் பிள்ளையைக் கூப்பிடாமல் எப்படி? வழக்கமாக எட்டு ரிங் போகும். இன்றைக்கு முதல் ரிங்கிலேயே எடுத்தான்.

"அம்மா, டாடி சொன்னார். ஆர் யூ ஓகே?"

"எனக்கென்னடா, நிறைஞ்சு கிடக்கு. உன் கல்யாணத்துக்குன்னு வச்சிருந்ததையெல்லாம் வெளியில எடுத்துட்டேன்."

"ஹர்ஷா, லைன்ல இருக்கியா?"

"சாரிம்மா. ரியலி சாரி."

"சாரி எதுக்குடா கண்ணா? உன் மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஒரு தடவை வந்துட்டுப் போ."

"சண்டே வரேம்மா" என்றான்.

போனை வைத்துவிட்டுக் கல்பகம் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு வருஷம் கெஞ்சியும் வராத பிள்ளை. பேகம்பேட் மேடம் இருக்கிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வீடு அமர்க்களப்பட்டது. கல்யாணத்துக்கென்று வைத்த ஜமக்காளம் கூடத்தில் விரிந்தது. மாமியாராகும்போது கட்டிக்கொள்ள வேண்டும் என்று தனக்காக வைத்திருந்த மயில் கழுத்து நிறப் பட்டைக் கல்பகம் கட்டிக்கொண்டாள். ஹர்ஷா உள்ளே நுழைந்ததும் குனிந்து காலைத் தொட்டான். அவனுக்குச் சுத்தமாகப் பழக்கமில்லாத காரியம் அது. கொஞ்சம் சதை போட்டிருந்தான், யாரோ வேளாவேளைக்குப் போடுகிற மாதிரி. ஹோட்டல் சாப்பாடாக இருக்கும் என்று நினைத்தாள்.

பட்டுவும் ஜெகதீஸ்வரனும் வந்திருந்தார்கள். வெள்ளித் தட்டில் எல்லோருக்கும் பரிமாறினாள். நெய்யைக் கேட்காமலே விட்டாள், இரண்டாம் தடவையும் விட்டாள். அவள் பாயசத்துக்கு முந்திரி எண்ணாமல் போட்டது அவள் ஆயுசில் அன்றைக்குத்தான். ஆனால் ஹர்ஷா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். லக்ஷ்மிநாராயணன் அப்பளத்தைச் சின்னச் சின்னதாக ஒடித்துக்கொண்டிருந்தார். பட்டுவுக்கு மூக்கு சிவந்திருந்தது. ஜெகதீஸ்வரன் மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

கல்பகம் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். தட்டு நிறைய இருக்கிறது. அவளுக்கு நெஞ்சு கொள்ளவில்லை. இத்தனை வருஷம் இவன் தட்டில் பாதி பாதியாக வைத்தோமே என்று நினைத்தபோது துக்கமாகவும் இருந்தது. இனி மறைக்க முடியாது என்று பேச ஆரம்பித்தாள்.

"ஹர்ஷா, பிப்ரவரியில கீழ் ஹாலுக்குச் சொல்லி வச்சிருக்கேன்டா. பொண்ணு யாரா இருந்தாலும் சரி. உயரம், படிப்பு ஒண்ணும் கேக்கமாட்டேன். எந்த ஊரு, எந்த பாஷைன்னும் கேக்கமாட்டேன். உன் கல்யாணத்தை நான் பக்கத்துல நின்னு பாக்கணும். எனக்கு அது போதும்."

ஹர்ஷா தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தான். அப்பா பட்டுவைப் பார்த்தார். பட்டு கையிலிருந்த பருப்பு வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

மூன்றாவது தடவை வாங்கிய பாயசத்தை வழித்து முடித்துவிட்டு ஜெகதீஸ்வரன் நிறைவாக ஒரு ஏப்பம் விட்டார். இந்த வீட்டில் முதல் தடவையாக அவருக்கு வயிறு நிரம்பியிருந்தது, மனசும் இளகியிருந்தது. கல்பகத்தை நிமிர்ந்து பார்த்து வாயைத் திறந்தார்.

"சாப்பாடுன்னா இது சாப்பாடு, மன்னி. புனேல நம்ம ஹர்ஷா கல்யாணத்துல போட்டான் பாருங்கோ, வாயில வைக்க முடியலை, நீங்க வராததே நல்லதாப் போச்சு."