மூன்று விரல் நுழைய வேண்டும்

திருவண்ணாமலையில் ஒருவரும் நிம்மதியாகக் கொட்டாவி விட முடியாத காலம் ஒன்று இருந்தது. எங்கள் பல் மருத்துவக் கல்லூரி விடுதியில் ‘தாடை’ என்ற மாணவன் இருந்த காலம். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அவன் அம்மா மட்டும்தான்.

யார் வாயைத் திறந்தாலும் இவன் விரல்கள் அந்த ஆளின் காதுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடும். “தொற. மூடு. மெதுவா!” பிறகு நம் மூன்று விரல்களை அடுக்கி நம் வாய்க்குள்ளேயே விடச் சொல்வான். நுழைந்தால் தாடை மூட்டு நலம். பரோட்டா மாஸ்டரை அப்படி நிறுத்தியதில் ஒரு கல் பரோட்டா கருகியது. திட்ட வந்த வார்டனிடம், “சார், கோபத்துல வாய் ஒரு பக்கமா கோணுது, பிசியோதெரபி பாருங்க” என்றான். வார்டன் கண்ணாடி தேடிப் போய்விட்டார்.

பிசியோதெரபி முழங்காலுக்கும் முதுகுக்கும்தான் என்று நம்பியிருந்தோம். அந்தப் பிரிவு எங்கள் கல்லூரி மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், கேன்டீன் போகும் வழியில்தான் இருந்தது. ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை.

கீழ்பென்னாத்தூரிலிருந்து செல்வி அக்கா என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். வருடக்கணக்கில் முகவலி. வேறெங்கோ இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியும் தீரவில்லை.

“இதையும் புடுங்கிடு கண்ணு. நீ புடுங்கலன்னா வேற எடத்துல புடுங்கிக்குறேன்.”

எக்ஸ்ரேயில் பல் சுத்தம். வலியோ நிஜம். எனக்கு வழி தெரியவில்லை.

தாடை வந்து அவர் கன்னத்துச் சதையில் ஓரிடத்தை அழுத்தினான். அக்கா துள்ளினார். “இதாம்பா! இதே வலிதான்!”

“வாயால இன்னா வேலை செய்றீங்கக்கா?”

“வெதைக்கு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உரிப்பேன். விரல் எரிஞ்சா பல்லால கடிச்சு ஒடைப்பேன்.”

“பல்லு பாவம்க்கா, வுட்டுடுங்க. சதைதான் கத்துது.”

அவனே கீழ்த்தளத்துக்குக் கூட்டிப்போனான். ஒத்தடம், தசை தளரப் பிடித்துவிடுதல், வாயை மெல்லத் திறந்து மூடும் பயிற்சி.

சில மாதம் கழித்து, தூக்கு நிறைய வேகவைத்த வேர்க்கடலையோடு அக்கா வந்தார். வலி கம்மியாகியிருந்தது. பல் இருந்தது. வணக்கத்துக்குப் பதில் மூன்று விரல்களை வாயில் வைத்துக் காட்டினார்.

தாடை ஒரு கடலையைப் பல்லால் உடைத்தான். அவன் காதோரம் மூட்டு ‘டக்’ என்றது.

“கையால உரி தம்பி. எங்க, நீ வாயைத் தொற பாக்கலாம்.”

இரண்டு விரல்கூட முழுசாக நுழையவில்லை. இத்தனை வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம். அவனைத் திறக்கச் சொன்னவர் யாருமில்லை.

அன்று மதியம் யாரும் கேன்டீனுக்குப் போகவில்லை. வகுப்பே அவனைக் கூட்டிக்கொண்டு கீழ்த்தளத்துக் கதவைத் தட்டியது.