ஏசியை நிறுத்திவிட்டு அரை மணித்தியாலம்

மூன்று வருடப் படிப்பை நான்கு வருடத்தில் முடித்தவன் நான். ஏன் என்று கேட்பவர்களிடம், "கடைசி வருசம் கொஞ்சம் சுகமில்லை" என்று சொல்லிவிட்டுக் கதையை மாற்றிவிடுவேன். அது முழுப் பொய்யும் இல்லை. சுகமில்லாமல் போனது என் லப்டொப்புக்கு. அது படுத்த நாள் தொடக்கம் எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை, நித்திரை வரவில்லை. ஆகவே சுகமில்லை என்பது இரண்டு பேருக்கும் பொருந்தும்.

யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு கல்லூரியில் கட்டட வடிவமைப்புப் படித்துக்கொண்டிருந்தேன். வீடு புத்தூரில். அப்பா தோட்டத்தில் வெங்காயமும் பீட்றூட்டும் வைக்கிறவர். "கட்டடம் கீறுற படிப்புக்குச் சாதாரண லப்டொப் காணாது, பெரிய கிராபிக்ஸ் காட் வேணும்" என்று அவரிடம் சொன்னேன். அது உண்மை. அந்தப் பெரிய கிராபிக்ஸ் காட்டில் நான் பெரும்பாலும் எதிரிகளைச் சுட்டுக்கொண்டிருப்பேன் என்பதைச் சொல்லவில்லை. அதுவும் உண்மை. (கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன்.)

அவர் வாங்கித் தந்த லப்டொப்பைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டதும் கீபோட் ஏழு நிறத்தில் எரிந்தது. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உது ஏன் கோயில் சப்பறம் மாதிரி மின்னுது?"

"கரண்ட் நிண்டாலும் எழுத்துத் தெரியத்தான் அப்பா."

"ஓ" என்றார். அவ்வளவுதான். ஒரு மனிதரை இவ்வளவு சுலபமாக ஏமாற்றலாமா என்று எனக்கே பாவமாக இருந்தது.

ஒன்றரை வருடம் ஒரு குறையும் இல்லை. கடைசி வருடம் இறுதிச் செயற்றிட்டம் வந்தது. ஒரு முழு வீட்டையும் முப்பரிமாணத்தில் வடிவமைத்து, உள்ளே நடந்து போவதுபோல் திரையில் காட்ட வேண்டும். குறித்த நாளில் ஒப்படைக்காவிட்டால் அந்த வருடம் முழுவதையும் அடுத்த தொகுதி மாணவர்களோடு இருந்து திரும்பப் படிக்க வேண்டும். ஒப்படைக்க ஆறு கிழமை இருந்தபோது, ஒரு மத்தியானம் திரையில் என் வீட்டின் குசினி, அடுப்பும் புகைபோக்கியுமாக, வானத்தை நோக்கி இழுபடத் தொடங்கியது.

முதலில் சுவரில் ஊதாக் கோடுகள் வந்தன. பிறகு பச்சைச் சதுரங்கள். பிறகு கதவு ஒன்று ஈட்டியாகி வரவேற்பறையைக் குத்திக்கொண்டு அந்தப் பக்கத்தால் வெளியே வந்தது. அந்த நேரம் பார்த்து அப்பா தோட்டத்திலிருந்து வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, கூரை கிணத்துக்கை போகுது."

"தெரியும் அப்பா."

"உதுக்குள்ளை ஆர் குடியிருக்கிறது?"

நான் லப்டொப்பை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். அரை மணித்தியாலம் ஒழுங்காக ஓடியது, திரும்பவும் கோடு. அடுத்த நாளும் அதே கதை. கல்லூரிக் கணினியில் என் கோப்பைத் திறந்து பார்த்தேன். அது ஒரு முறை முனகிவிட்டுத் தானாகவே அணைந்தது.

நல்ல காலம், இலவசமாகத் திருத்தித் தரும் வொறன்ரி முடிய இன்னும் ஆறு மாதம் இருந்தது. வாங்கிய கடைக்குக் கொண்டு ஓடினேன். முஸ்லிமான கடைக்காரரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்ற பொருளில் நானா என்றுதான் கூப்பிடுவது. சிறு வயதில் குடும்பத்தோடு புத்தளத்துக்குப் போய், வளர்ந்து திரும்பிவந்து பட்டணத்தில் கடை போட்டவர். எதற்கும் பதறாத மனிதர். லப்டொப்பைப் போட்டுவிட்டு முக்கால் மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தோம். தலைக்கு மேலே ஏசி. ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. என் வீடு அத்தனை அழகாக நின்றது.

"தம்பி, உங்கடை வீட்டிலை இருக்கேக்கை மட்டும்தான் உதுக்கு வருத்தம் வருது போலை" என்றார் நானா. இருந்தாலும் கொழும்பிலுள்ள திருத்தும் நிலையத்துக்கு அனுப்பிவைத்தார்.

பத்து நாள். தினமும் அவருக்குப் போன் எடுத்தேன். பதினோராம் நாள் லப்டொப் வந்தது, ஒரு காகிதத் துண்டோடு. 'குறைபாடு எதுவும் காணப்படவில்லை.' வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டேன். இருபத்தெட்டாவது நிமிடம் குசினி புறப்பட்டது.

இரண்டாம் முறை வீடியோ எடுத்து அனுப்பினேன். ஒன்பது நாளில் திரும்பி வந்தது. இந்த முறை உள்ளே இருந்ததை எல்லாம் அழித்துப் புதிதாக ஏற்றியிருந்தார்கள். துண்டில் அதே வசனம். (எழுதினவருக்கு அழகான கையெழுத்து. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.) செயற்றிட்டத்தைப் பென்டிரைவில் வைத்திருந்தேன், அது தப்பியது. ஆனால் அதைத் திறக்க ஒரு இயந்திரம் வேண்டுமே! நண்பர்களின் லப்டொப்புகள் எல்லாம் அவரவர் வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தன. ஒப்படைக்க இன்னும் இரண்டரைக் கிழமைதான் இருந்தது.

அன்று பின்னேரம் தகட்டுக் கூரைக்குக் கீழே வியர்த்து வடிந்துகொண்டு இருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. வெக்கை! இது சூட்டில் மட்டும் வரும் வருத்தம். கொழும்பில் குளிர் அறையில் வைத்துப் பார்த்தால் ஒரு வருடத்துக்கும் வராது. நானாவிடம் இலக்கம் வாங்கி நேரே அந்தத் திருத்துநருக்கே போன் எடுத்தேன். மரியாதையான மனிதர், பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப நாங்க என்ன செய்யணும் மிஸ்டர்?"

"ஏசியை நிப்பாட்டுங்கோ. கதவு யன்னல் எல்லாத்தையும் சாத்துங்கோ. பெரிய கேம் ஒண்டைப் போட்டு அரை மணித்தியாலம் ஓட விடுங்கோ. ஃபேன் உச்சத்திலை சுத்தோணும்."

"சரி, செஞ்சு பாக்குறோம். கோடு வந்தா அண்டைக்கே போர்ட்ட மாத்திடலாம். புதுசு இங்க இருக்கு."

புதுசு இருக்கு! என் வாழ்க்கையில் அதைவிட இனிமையான இரண்டு சொற்களை நான் கேட்டதில்லை. திங்கட்கிழமை அனுப்பினால் வெள்ளிக்கிழமை கையில். இரவு பகலாக இருந்தால் முடித்துவிடலாம். திங்கள் காலை எனக்கு வகுப்பு இருந்தது. லப்டொப்பை ஒரு மட்டைப் பெட்டிக்குள் வைத்து, "இதை ஒட்டி அப்பாட்டைக் குடுத்து நானாவின்ரை கடையிலை சேர்ப்பியுங்கோ" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஓடினேன். அம்மா பார்சல் கட்டுவதில் கெட்டிக்காரி. கனடாவுக்கும் லண்டனுக்கும் போகிற அத்தனை சொந்தக்காரரின் பெட்டியும் அவர் கையால்தான் கட்டுப்படும். அந்தக் கெட்டித்தனத்தின் முழு அளவையும் நான் அப்போது யோசிக்கவில்லை.

புதன்கிழமை காலை பத்தரைக்கு, வகுப்பில் இருக்கும்போது போன் வந்தது. வெளியே ஓடி எடுத்தேன்.

"மிஸ்டர் புத்தூர்தானே?" ஒரு பெரிய தும்மல். "நீங்க சொன்ன மாதிரியே செஞ்சோம்." தும்மல். "ஏசிய நிப்பாட்டினோம். கதவ சாத்தினோம்."

"கோடு வந்ததோ?" என்று ஆவலோடு கேட்டேன்.

"கோடு தெரியல்ல மிஸ்டர். எங்களுக்குக் கண்ணே தெரியல்ல. ஆறு பேரும் றோட்டுல நிக்கிறோம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் ஆட்கள் இருமுவது கேட்டது. யாரோ சிங்களத்தில் தண்ணீர் கேட்டார்கள். அவர் மூக்கைச் சீறிவிட்டுத் தொடர்ந்தார்.

"பெட்டிக்குள்ள ஒரு பேக்ல மிளகாய்த்தூள் வச்சிருந்தீங்க. அது பஸ்ல வரக்குள்ள வெடிச்சிருக்கு. வெளிய இருந்தத தொடச்சிட்டுத்தான் போட்டோம். ஆனா அது உள்ளுக்குப் போயிருக்கு மிஸ்டர். ஃபேன் உச்சத்துக்குப் போன உடனே எல்லாத்தையும் எங்கட மூஞ்சில அடிச்சிட்டுது."

நான் மிளகாய்த்தூள் வைக்கவில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அப்போதுதான் பெட்டியைக் கட்டிய கை யாருடையது என்று நினைவு வந்தது.

எங்கள் வீட்டிலிருந்து ஒரு பார்சல் வெளியே போனால் அதற்குள் அரைக் கிலோ மிளகாய்த்தூள் போகும். அது கனடாவுக்குப் போனாலென்ன, பக்கத்துச் சாவகச்சேரிக்குப் போனாலென்ன, அம்மாவுக்கு எல்லாம் ஒன்றுதான். வெறும் பெட்டி அனுப்புவது அவருக்கு அவமானம். இதெல்லாம் தெரிந்த நான், பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறேன். போதாக்குறைக்குக் கதவைச் சாத்தச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவின் முன்னால் நின்றேன்.

"என்னத்துக்கு அம்மா தூள் வைச்சனீங்கள்?"

"மூண்டாந்தரமும் அந்தப் பிள்ளையள்தானே உன்ரை சாமானைப் பார்க்குதுகள். ஒரு நன்றிக்கு வைச்சனான். காத்துப் போற ஓட்டையடியிலை கொஞ்சம் இடம் இருந்தது. பொலித்தீன் சொப்பின் பையிலை கட்டித்தான் வைச்சனான். ஏன், அதுகளுக்குக் காணாமல் போட்டுதோ?"

நான் சத்தம் போட்டேன். அம்மாவிடம் அதுவரை அப்படிச் சத்தம் போட்டதில்லை. என் வருடம் போய்விட்டது, என் படிப்பு போய்விட்டது, எல்லாம் உங்களால்தான் என்று கத்தினேன். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தை இன்றைக்கும் சிரித்துக் கடக்க முடியவில்லை.

நிறுவனத்தின் கடிதம் இரண்டு நாளில் வந்தது. 'கருவியினுள் மிளகாய்த்தூள் (வறுத்தது) பெருமளவில் காணப்பட்டமையால், வொறன்ரி செல்லுபடியாகாது.' வறுத்தது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பையில் மிஞ்சியதைக் கறிக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். புது போர்ட் அவர்கள் அலமாரியிலேயே இருந்துவிட்டது.

கடிதத்தோடு விரிவுரையாளரிடம் போனேன். இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் தரமும் வாசித்தார்.

"வீட்டிலை ஆடு திண்டது, மழையிலை நனைஞ்சது எல்லாம் கேட்டிருக்கிறன். உது புதுசு. நம்புறன். ஆனால் தவணை தர எனக்கு அதிகாரம் இல்லைத் தம்பி."

ஒப்படைக்க வேண்டிய நாளில் என் நண்பர்கள் எல்லோரும் தங்கள் வீடுகளுக்குள் திரையில் நடந்து காட்டினார்கள். நான் கடைசி வரிசை வாங்கில் இருந்து கை தட்டினேன். ஒரு வருடம் போனது போனதுதான். அடுத்த தொகுதியில் சேர்ந்த முதல் நாளே, என்னைவிட ஒரு வயது குறைந்த ஒரு பெண், "நீங்கள்தானே மிளகாய் அண்ணை?" என்று மரியாதையோடு கேட்டாள். ஓம் என்றேன். வேறென்ன சொல்வது?

வீட்டில் நிலைமை அதைவிட மோசம். நான் கத்திய நாளிலிருந்து அம்மா மிளகாய்த்தூளைத் தொடவில்லை. காலையில் தேங்காய்ப்பால் சொதி, மத்தியானம் வெள்ளைக் கறி, இரவில் திரும்பவும் சொதி. கோபத்தில் அல்ல, அந்தத் தூள் போத்தலைப் பார்க்கவே அவருக்கு மனம் வரவில்லை. எட்டாம் நாள் அப்பா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"எடேய், கொம்மாவிட்டை மன்னிப்புக் கேள். ஒரு வருசம் பிந்தினால் நீ சாகமாட்டாய். உந்தச் சொதியிலை நான் செத்துப்போவன்."

கேட்டேன். அம்மா என் தலையைத் தடவிவிட்டு, "இனி வைக்க மாட்டன் அப்பன்" என்றார். மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்பு வந்தது. உறைப்பில் எல்லோருக்கும் கண்ணீர் வடிந்தது. எனக்கு வடிந்தது உறைப்பால் மட்டும் அல்ல.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம். போன மாதம் தங்கச்சியின் லப்டொப்பில் திரை வேலை செய்யவில்லை. அதுவும் அதே நிறுவனத்தின் லப்டொப், அதே நானாவின் கடை. அம்மாவும் பட்டணத்தில் சாமான் வாங்க எங்களோடு வந்திருந்தார். நானா ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அச்சடித்த புதுப் படிவம். தங்கச்சி நிபந்தனைகளை வாசித்துக்கொண்டு வந்தவள், ஒன்பதாவதில் நின்று, சத்தமாக வாசித்தாள்.

"பொதியினுள் உணவுப் பொருட்களை, விசேடமாகத் தூள் வகைகளை, எக்காரணம் கொண்டும் வைக்கக் கூடாது."

நானா குனிந்து மேசையில் எதையோ தேடினார். அவர் தோள் குலுங்கியது. நான் நிலத்தைப் பார்த்தேன். அம்மா படிவத்தை வாங்கித் தானே ஒரு தரம் வாசித்தார்.

"நானா, இதிலை ஒண்டு எனக்கு மேலதிகமாய்த் தாங்கோ."

அது இப்போது எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. வருகிற சொந்தக்காரர் எல்லோரையும் அம்மா அதற்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறார். பிறகு என்னையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைக்கிறார்.

"இவன் ஒரு வருசம் பிந்தித்தான் பாஸ் பண்ணினவன்" என்கிறார், "ஆனால் என்ரை தூளுக்கு மூண்டு பாசையிலை சட்டம் போட்டிட்டினம்."