பத்தி ஏழில் ஒரு டீக்கடை

நமக்கு அவசரம் என்பது கணினிக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது, பயந்தவனை நாய் கண்டுகொள்வதுபோல. சும்மா இருக்கும் நாளில் பறக்கிற இணையம், மனு தாக்கல் செய்யும் நாளில்தான் வட்டம் போட்டுச் சுற்றும்.

பாலக்கோட்டில் நான் தனியாக வக்கீல் தொழில் ஆரம்பித்த புதிது. தக்காளி போட்டிருந்த மாதம்மாள் என்னைத் தேடி வந்தார். அவர் தோட்டத்துக்குப் போகும் வண்டிப்பாதையில் பக்கத்து நிலத்துக்காரர் சின்னசாமி பள்ளம் வெட்டிவிட்டாராம். டிராக்டர் உள்ளே போக வழியில்லை.

"பழம் செவந்துகிட்டே இருக்குதுங்க மேடம். அதுங்களுக்கு வாய்தா குடுக்க முடியுங்களா?"

மறுநாளே அவசர மனு போடுவதாக வாக்குக் கொடுத்தேன். (அப்போதெல்லாம் வாக்குக் கொடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை.)

மறுநாள் தட்டச்சு செய்யும் பெண் காய்ச்சல் என்று வரவில்லை. எனக்கோ தமிழ்த் தட்டச்சு, கோழி தானியம் பொறுக்குவதுபோல ஒவ்வொரு எழுத்தாகத்தான் வரும். ஆகவே, சொல்லச் சொல்லத் தானே எழுதிக்கொள்ளும் வசதியைப் போனில் தட்டிவிட்டேன். வக்கீலுக்கு வாய் இருக்கும்போது விரல் எதற்கு?

உட்காரவும் முடியவில்லை. வீட்டிலேயே இருந்த என் ஆபீஸ் அறைக்குள் நடந்துகொண்டே சொன்னேன். ஏழாவது பத்தியில், "எதிர்மனுதாரர் மேற்படி பாதையின் குறுக்கே பள்ளம் வெட்டி" என்று மூச்சு வாங்கிய நேரம் மாமியார் உள்ளே வந்தார். என் கணவரைப் பற்றிய வழக்கமான புகார். தலையாட்டி அனுப்பிவிட்டு, விட்ட இடத்தில் தொடர்ந்தேன். நான் நிறுத்தியிருந்தேன், போன் நிறுத்தவில்லை.

அச்செடுத்து, மாதம்மாளிடம் கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து ஏற்றினேன். கோப்பு பெரிது என்று நீதிமன்ற இணையதளம் திருப்பித் தள்ளியது. சுருக்கினேன். எழுத்தே தெரியவில்லை. மறுபடி ஸ்கேன். ஓடிபி வந்தது, கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் காலாவதியானது. ஒருவழியாக ஏற்றுக்கொண்டபோது மனுவைப் படித்துப் பார்க்க நேரமில்லை. பெருமைப்பட மட்டும் இருந்தது.

விசாரணையன்று நீதிபதி மனுவைப் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"எதிர்மனுதாரர் மேற்படி பாதையின் குறுக்கே பள்ளம் வெட்டி மாவு வாங்கிட்டு வர்றேன்னு போனவன் டீக்கடையில உக்காந்துட்டான் சின்ன வயசுலருந்தே அவனுக்குப் பொறுப்பு கிடையாது."

ஏதோ கீழே விழுந்ததுபோல மேஜைக்கடியில் குனிந்தேன். அங்கேயே இருந்துவிடலாம் போலிருந்தது.

எதிர்த்தரப்பு மூத்த வக்கீல் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. பத்தி ஏழில் கண்ட சங்கதிகள் அனைத்தும் பொய் என்று அவரும் தம் எதிருரையில் படிக்காமலே மறுத்திருந்தார். நீதிபதி அதையும் உரக்கப் படித்தார்.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து சின்னசாமி முன்னால் வந்தார். அவர் முகம் கன்றியிருந்தது.

"அய்யா, நான் டீயே குடிக்கறதில்லைங்க. ஊர்ல யார வேணா கேளுங்க. பள்ளம் வெட்டுனனுங்க, இல்லைங்கல. ஆனா பொறுப்பில்லாதவன்னு எழுதறது நாயமில்லைங்க."

மூத்த வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று மாலைக்குள் பள்ளத்தை மூட உத்தரவானது. நான் திருத்திய மனுவை, "ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு" தாக்கல் செய்ய வேண்டும் என்றார் நீதிபதி. மாதம்மாளின் தக்காளி மறுநாள் மண்டிக்குப் போனது. அன்றிலிருந்து எந்த மனுவானாலும் கதவைத் தாழிட்டு, முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்த பிறகே ஏற்றுகிறேன்.

மாமியாரிடம் சொன்னால் சங்கடப்படுவார் என்று பயந்தேன். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. கல்யாணம், காதுகுத்து எதற்குப் போனாலும் பக்கத்தில் இருப்பவரிடம் இப்போதும் சொல்கிறார்:

"மருமவ பக்கம் பக்கமா எழுதுனாங்க. கேசு ஜெயிச்சதென்னமோ நான் சொன்ன ஒரு வரியிலதானுங்க."