மாடி காலியாகிவிட்டது

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாப்பிள்ளையின் இடுப்புவலி போன மாதம் இருந்த இடத்திலேயே இருக்கிறதா, முழங்காலுக்கு இறங்கிவிட்டதா என்று எழுதவும்.

"மாடி காலியாகிறவரைக்கும் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நீ போனை வைத்த நாளிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அப்பா உன் பெயருக்கு எழுதிவைத்த மாடி அது. மாப்பிள்ளை ஓய்வுபெற்றதும் நீங்கள் வந்து இருக்கவேண்டிய இடம். அதில் ஆளைக் குடிவைத்தது நான், கிளப்ப வேண்டியதும் நான்தான். நடந்ததைப் போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

நான் குடிவைத்தது ஒரு ஜோடியை. கணவன் வாஷிங் மெஷின் மெக்கானிக். மனைவி டிவி சீரியல்களுக்கு டப்பிங் குரல் கொடுப்பவள். வீடு கேட்டு வந்த அன்று இருவரும் அதிகம் வாயே திறக்கவில்லை. அடக்கமான ஜோடி என்று ஏமாந்துபோனேன். அவளுக்குக் கிடைப்பதெல்லாம் அழுகிற வேஷம், சாகிற வேஷம். வீட்டில் பழகிப் பார்க்காமல் ஸ்டூடியோவுக்குப் போக முடியாதாம். ஒரு மத்தியானம் நான் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், "என்னைக் கொன்னுடாதீங்க, என் குழந்தைக்கு வேற நாதியில்ல" என்று மேலிருந்து ஓர் அலறல். எதிர்வீட்டு டீச்சரம்மா போலீசுக்குப் போன் செய்துவிட்டார். இன்ஸ்பெக்டர் தடதடவென்று மாடியேறிப் போனால், கணவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறான். கையில் கத்தி, கண்ணில் கண்ணீர். இவன்தான் குற்றவாளி என்பதில் இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. அவள் ஓடிவந்து விஷயத்தைச் சொல்லி, சீரியல் பெயரையும் சொன்ன பிறகுதான் அவன் தப்பித்தான். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த சீரியல் ஓடும் நேரத்தில் அவர் வீட்டில் சாப்பாடு கிடைக்காதாம். சீரியலில் அந்தப் பெண் பிழைப்பாளா, செத்துப்போவாளா என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு, வீட்டுக்காரன் என்ற முறையில் எனக்கு மட்டும் எச்சரிக்கை கொடுத்துவிட்டுப் போனார்.

அவன் மட்டும் சளைத்தவனா? ரிப்பேருக்கு வந்த மெஷின்களை மாடிப்படித் திருப்பத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தான். அதில் ஒன்றைச் சரிசெய்து ஓடவிட்டு, மேலே போய் டீ குடித்திருக்கிறான். அது உதறிக்கொண்டே நகர்ந்து, படிப்படியாக இறங்கி, என் கதவில் வந்து முட்டியது. யாரோ தட்டுகிறார்கள் என்று கதவைத் திறந்து, வாங்க என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

ஆயுசு முழுக்க பஸ் கண்டக்டராக இருந்தவன் நான். டிக்கெட் எடுக்காதவன், குடித்துவிட்டு ஏறியவன், எவனாக இருந்தாலும் ஒரே விசிலில் இறக்கிவிட்டிருக்கிறேன். ஆனால் ஒரு மாடியிலிருந்து இரண்டு பேரை இறக்க எனக்கு வழி தெரியவில்லை. நேரில் சொல்லவும் வாய் வரவில்லை. தண்ணீர் வராவிட்டால் தாங்களாகவே போய்விடுவார்கள் என்று கணக்குப்போட்டு, மாடிக்குப் போகும் குழாய் வால்வைத் திருகி மூடிவிட்டுக் குளிக்கப் போனேன். தலையெல்லாம் சோப்பு, குழாயில் காற்று. நான் மூடியது என் வால்வு. கொஞ்ச நேரத்தில் அவள் வந்து கதவைத் தட்டி, "சார், உங்க பக்கம் தண்ணி நின்னுபோச்சு போல. ரெண்டு வாளி வெச்சிருக்கேன், எடுத்துக்குங்க" என்றாள். வால்வு துருப்பிடித்துத் தானாக இறுகியிருக்கும் என்று நினைத்து, அவன் அதைத் திறந்து எண்ணெயும் போட்டுக்கொடுத்தான். அடுத்து, மாடிச் சுவரில் ஓதம், நெஞ்சுக்கு ஆகாது என்று பயமுறுத்திப் பார்த்தேன். இருவருமாகச் சுவரைச் சுரண்டிப் பூசி, மிச்சமிருந்த பெயின்ட்டை நம் கேட்டுக்கும் அடித்துவிட்டார்கள். கேட் பளபளவென்று இருக்கிறது.

கடைசியில் வெட்கத்தை விட்டு மேலே போனேன். என் தங்கை வரப்போகிறாள், வீடு வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவள் ஒரு நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டாள். "இதைச் சொல்றதுக்கா சார் இவ்ளோ நாளா தவிச்சீங்க? அவங்க வீடு, அவங்க வரட்டும். நாங்க வேற இடம் பார்த்துக்கறோம்" என்றாள். எனக்கு என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்றே தெரியவில்லை.

ஆனால் அவர்களுக்கு எவரும் வீடு கொடுக்கவில்லை. என்ன வேலை என்று கேட்பார்கள், உள்ளதைச் சொல்வாள். எங்கே, கொஞ்சம் செய்து காட்டு என்பார்கள், செய்து காட்டுவாள். அதோடு சரி. இது ஆகாது என்று நானே கூடப் போனேன். ஒரு வீட்டில் அவளை நர்ஸ் என்று சொல்லிவைத்தேன்; வீட்டுக்காரம்மா உடனே முதுகுவலி என்று தன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அலைந்து திரிந்து, அடுத்த தெருவில் ஒரு பெரியவரைப் பிடித்தோம். காதில் மாட்டும் மெஷினை மேசையில் கழற்றி வைத்துவிட்டுத்தான் யாரிடமும் பேசுவார். நான் சொன்ன எதுவும் அவர் காதில் விழவில்லை. எல்லாவற்றுக்கும் சம்மதித்துவிட்டார்.

நேற்றுக் காலை சாமான் ஏற்றினார்கள். அழுது தீர்த்துவிடுவாள் என்று நினைத்து, ஆறுதலாக நாலு வார்த்தை யோசித்து வைத்திருந்தேன். அவள் அழவே இல்லை. சாவியை என் கையில் கொடுத்தாள். மனசு கேட்காமல், போவதில் வருத்தமில்லையா என்று கேட்டேவிட்டேன்.

"அழுதா நடிக்கறேன்னு நினைப்பீங்க சார்" என்றாள்.

வண்டி கிளம்பியது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். மேலே யாரும் சாகவில்லை. சாப்பாடு ருசிக்கவில்லை.

ஆகவே, மாடி காலி. கழுவித் துடைத்து, ஜன்னல்களைத் திறந்து வைத்திருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் புறப்பட்டு வா. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லவும். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், இப்போது போலவே ஒருவரை ஒருவர் குறைசொல்லிக்கொண்டு நெடுங்காலம் சேர்ந்து வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: இதைத் தபாலில் போடப் போகிற வழியில், அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு நடை எட்டிப் பார்த்தேன். பெரியவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு தெருவில் நிற்கிறார். காது கேட்காதுதான். ஆனால் இவன் வாஷிங் மெஷினை ஓடவிட்டதில் தரை அதிர்ந்ததும், பூகம்பம் என்று வெளியே ஓடிவந்துவிட்டாராம். இவர்கள் போனால்தான் உள்ளே வருவேன் என்கிறார். வேறு என்ன செய்ய, அதே வண்டியைக் கூப்பிட்டேன். நீ பதறாதே. மாடி உன்னுடையது, அது காலியாகத்தான் இருக்கிறது. அவர்கள் கீழே என் முன்னறைகளில் இருக்கிறார்கள், நான் பின்னறைக்கு மாறிக்கொண்டேன். நீ வரப்போகிறாய் என்று தெரிந்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம். புதிதாக ஒரு மாமியார் வேஷம் கிடைத்திருக்கிறதாம், நிஜமான ஆத்திரம் எப்படி இருக்கும் என்று யாரிடமாவது கேட்டுப் பழக வேண்டுமாம். உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். ஆகவே, இதைப் படித்ததும் வருகிற கோபத்தை மாப்பிள்ளையிடம் செலவழித்துவிடாமல், சிந்தாமல் சிதறாமல் அப்படியே எடுத்துக்கொண்டு வா.