கம்ப்யூட்டரா, கன்சோலா: ஓர் உபகுழுவின் தியாகம்

டெக்சாஸ் மாநிலம் சுகர் லேண்டில் இயங்கிவரும் பிரேசோஸ் கரைத் தமிழ் மன்றம், 2007ஆம் ஆண்டுப் பொங்கல் விழா முடிந்த கையோடு வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த ஒரு பிரச்சினையில் இறங்கியது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகள் வருவதில்லை.

வகுப்பு நடத்தியவள் காயல்பட்டினத்துக் கமருன்னிசா. சம்பளம் கிடையாது. ஆண்டு விழாவில் ஒரு சால்வை உண்டு, அதையும் போன வருஷம் மறந்துபோனார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. ஏதாவது ஒரு பிள்ளை தானாக வாயைத் திறந்து ஒரே ஒரு முழு வாக்கியம் தமிழில் பேசிவிட்டால் போதும் என்றுதான் நாலு வருஷமாகக் காத்திருந்தாள். மன்றத் தலைவர் பத்மநாபனின் மகள் தீக்ஷாவிடம், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டால், "யெஸ் ஆன்ட்டி, கார்ன்ஃப்ளேக்ஸ்" என்று இங்கிலீஷில் வரும். அதுதான் வகுப்பிலேயே நல்ல பிள்ளை.

இப்போது கம்யூனிட்டி சென்டர்காரர்கள் வேறு, இப்படியே ஆள் குறைந்தால் ஜூன் மாதம் முதல் அந்த அறை சீன மொழி வகுப்புக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். பதறிப்போன கமருன்னிசா மன்றத்திடம் ஒரு யோசனை சொன்னாள். வகுப்பில் ஒரு வீடியோ கேம் வைத்தால் என்ன? பாடத்தை முடித்த பிள்ளை அரை மணி நேரம் விளையாடிக்கொள்ளட்டும். செயற்குழு அதைப் பலத்த கரகோஷத்துக்கிடையே ஏற்றுக்கொண்டது. அத்தோடு வாங்கித் தொலைத்திருக்கலாம். ஆனால் யாரோ, "கம்ப்யூட்டரா, கன்சோலா?" என்று கேட்டுவிட்டார்கள்.

"கம்ப்யூட்டர்தான்" என்றார் துணைத் தலைவர் செல்வராஜ். "அதுல கேம் விளையாடினாலும் பின்னாடி இருந்து பார்க்கிறவங்களுக்குப் பையன் படிக்கிற மாதிரியே தெரியும். நம்ம பேரன்ட்ஸுக்கு வேற என்ன வேணும்?"

பத்மநாபன் எண்ணெய்க் கம்பெனியில் ப்ராஜக்ட் மேனேஜர். வீட்டுக்கு என்ன சோபா வாங்குவது என்பதையே ஸ்லைடு போட்டு முடிவு செய்தவர். அவர் கன்சோல் கட்சி.

"கன்சோல்னா டிவில மாட்டி விளையாடுற பெட்டி. பையன் என்ன பண்றான்னு எல்லாருக்கும் தெரியும். ட்ரான்ஸ்பரன்ஸி முக்கியம் சார்."

"கம்ப்யூட்டர்னா நல்ல கிராபிக்ஸ் கார்டா பார்த்துப் போடலாம். என்ன, கொஞ்சம் வெயிட் பண்ணணும்."

"எவ்வளவு நாள்?"

"கிரீன் கார்டுக்கே ஆறு வருஷமா க்யூல நிக்கிறோம். கிராபிக்ஸ் கார்டுக்கு நிக்க மாட்டோமா?"

"எதுவா இருந்தாலும் சரி சார்" என்றாள் கமருன்னிசா. "பிள்ளைங்க வந்தாப் போதும்."

"நீங்க செயற்குழு மெம்பர் இல்லையே மேடம்" என்றார் செல்வராஜ், மரியாதையாகத்தான். அவள் சொன்னது கணக்கில் சேரவில்லை.

அன்றே 'சாதன மதிப்பீட்டு உபகுழு' பிறந்தது. ஒப்பீட்டு ஆய்வுக்காக இரண்டையுமே வாங்கினார்கள். சுகர் லேண்டில் வீடு வாங்கினால் மாடியில் கேம் ரூம் என்று ஒன்று தானாகவே வரும். நம்மவர்கள் அதில் அரிசி மூட்டையும் கொலுப்படியும் வைத்திருப்பார்கள். பத்மநாபன் வீட்டு மூட்டைகள் கராஜுக்கு இறங்கின, சாதனங்கள் மாடிக்கு ஏறின.

மதிப்பீடு சனிக்கிழமை காலையில் நடந்தது. அன்றைக்குத்தானே எல்லாருக்கும் லீவு. அப்பாக்கள் எல்லாரும் மதிப்பீட்டில் இருந்ததால் பிள்ளைகளை வகுப்புக்குக் கொண்டுவிட ஆளில்லை. வந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு பேரும் ஒவ்வொருவராக நிற்க ஆரம்பித்தார்கள். உபகுழு இதை மிகுந்த கவலையோடு பரிசீலித்தது. வருகை குறைகிறது, எனவே சாதனத்தின் தேவை கூடுகிறது, எனவே மதிப்பீடு ஞாயிற்றுக்கிழமையும் நடைபெற வேண்டும். இதில் யார் குறை சொல்ல முடியும்?

கணவரை இழுத்துக்கொண்டு போக வந்த செல்வராஜின் மனைவி மரகதம், சாயங்காலத்துக்குள் மகளிர் பிரிவு மதிப்பீட்டாளர் ஆனாள். கன்சோலின் ரிமோட்டைப் பிடித்துக் கையை வீசி வீசி, டிவி திரையில் கட்டைகளைச் சாய்க்கப் பந்து உருட்டியதில் செல்வராஜுக்குத் தோள் பிசகியது. அது பணியின்போது ஏற்பட்ட காயம் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள்.

ஏப்ரலில் இடைக்கால அறிக்கை வந்தது. 'இச்சாதனங்கள் மனிதரை அடிமைப்படுத்தும் தன்மை உடையவை. இதற்கு உபகுழுவே சான்று. ஆகவே ஆய்வு முடியும் வரை சிறுவர்கள் மாடிக்கு வருதல் ஆகாது.'

மே மாதம் கடைசிச் சனிக்கிழமை. வகுப்பில் மிச்சமிருந்தது தீக்ஷா மட்டும்தான். அவளை வகுப்புக்குக் காரில் கூட்டிப் போகப் பத்மநாபன் வீட்டுக்கு வந்த கமருன்னிசா, இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று நேரே மாடி ஏறினாள்.

"நாலு மாசமா என்னதான் சார் பண்றீங்க? அடுத்த வாரம் ரூம் போயிரும். நான் யாருக்குப் பாடம் நடத்தறது, செவுத்துக்கா?"

பத்மநாபன் எழுந்து நின்று வரவேற்றார். "நல்ல நேரத்துல வந்தீங்க மேடம். பயனாளர் கருத்து மட்டும்தான் பாக்கி. ஒரே ஒரு தடவை உருட்டிப் பாருங்க, இன்னைக்கே முடிச்சிரலாம்."

"எனக்கு இதெல்லாம் வராது சார்."

"வராதுன்னாலும் அது ஒரு டேட்டாதான்."

ஒரே ஒரு தடவை உருட்டினாள். திரையில் நின்ற கட்டைகள் மொத்தமும் சாய்ந்தன. "மாஷா அல்லாஹ்" என்று அவளுக்கே கேட்காத குரலில் சொல்லிக்கொண்டாள். தற்செயலாக விழுந்ததா இல்லையா என்று பார்க்க வேண்டுமே, இன்னொரு தடவை உருட்டினாள். பிறகு மரகதத்தோடு ஒரு ஆட்டம். மரகதம் ஜெயித்துவிட்டதால் இன்னொரு ஆட்டம்.

கீழே காத்திருந்து பார்த்த தீக்ஷா, தடையை மீறிப் படியேறி வந்தாள். முதுகில் பை இருந்தது. டீச்சர் பக்கத்தில் போய் நின்று, ஒவ்வொரு வார்த்தையாக யோசித்துச் சொன்னாள்.

"ஆன்ட்டி, நேரம் ஆச்சு. நான் பாடம் எல்லாம் எழுதிட்டேன். வகுப்புக்குப் போலாமா?"

நாலு வருஷமாக ஒரு வாக்கியம் கேட்டாள், ஒரேயடியாக மூன்று வந்து நின்றது. கமருன்னிசா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒன் மினிட், ஸ்வீட்டி. லெட் மீ ஃபினிஷ் திஸ் கேம்."

பத்மநாபனுக்குத்தான் உடம்பு புல்லரித்தது. "கேட்டீங்களா? என் பொண்ணு தமிழ்ல பேசறா. சாதனம் இன்னும் கிளாஸுக்கே போகல, அதுக்குள்ள ரிசல்ட்!"

உபகுழு அங்கேயே கூடியது. மதிப்பீட்டினால் சிறுவர்களிடையே தமிழார்வம் பொங்கி வழிவதால், மதிப்பீட்டை மேலும் ஓராண்டு நீட்டிக்கவும், பயனாளர் பிரதிநிதியாகக் கமருன்னிசாவைச் சேர்த்துக்கொள்ளவும் தீர்மானம் வந்தது. ஆதரிப்பவர்கள் கை தூக்கினார்கள். கமருன்னிசா இடது கையைத் தூக்கினாள், வலது கையில் ஆட்டம் பாக்கி இருந்தது.

"எதிர்ப்பு?" என்றார் செல்வராஜ்.

தீக்ஷா கை தூக்கினாள்.

கமருன்னிசா அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

"நீ மெம்பர் இல்லையேம்மா" என்றாள். இந்தத் தடவை தமிழில்தான் சொன்னாள்.